பௌத்தம் மதமே!



எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா, பௌத்தம் மதமே இல்லை என்று அடித்துப் பேசினார். ஒரு விஷயம் கவனிச்சீங்களா? புத்தரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பாராட்டுத்தான். அறிவுக்குப் பொருந்துவது, கேள்வி கேட்கச் சொல்வது, கடவுளைக் காட்டிப் பயமுறுத்தாதது. ஆகவே இது மதம் இல்லை! அதாவது நல்லா இருந்தா அது மதமா இருக்க முடியாதாம். பொண்ணு பாக்கப் போன இடத்துல ஒருத்தர் சொன்னாராம், "உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுங்க, உங்க குடும்பத்துப் பொண்ணு மாதிரியே இல்லை"ன்னு. (சிரிப்பு) அந்த மாதிரிப் பாராட்டு இது.

நமக்கு இது ஒரு விடுமுறை நாள் பட்டிமன்றம். பேசிட்டு, கை தட்டிட்டு, சாப்பிடப் போயிடுவோம். ஆனால் பௌத்தம் தனி மதமா என்கிற இந்தக் கேள்வியை வைத்து இந்த நாட்டில் ஒரு பெருங்கூட்டத்தை 34 வருஷம் வாசலில் நிற்க வைத்தார்கள் நடுவர் அவர்களே. 1956இல் இருந்து 1990 வரைக்கும். அந்தக் கதைக்குக் கட்டாயம் வருவேன். அதற்கு முன்னால் எதிரணி கட்டி வைத்த வேலியைக் கொஞ்சம் பிரிக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் சொல்வது என்ன? புத்தர் கடவுளைப் பற்றிப் பேசவில்லை. நிலையான ஆத்மா உண்டு என்று சொல்லவில்லை. உலகம் நிரந்தரமா, முடிவுள்ளதா என்று மாலுங்கியபுத்தர் கேட்டபோது, உடம்பில் விஷ அம்பு தைத்தவன் அம்பு விட்டவன் என்ன ஊர், என்ன ஜாதி என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அதற்குள் உயிர் போய்விடும் என்றார். ஆக, அவர் ஒரு வைத்தியர், தத்துவ ஞானி, மதத் தலைவர் அல்லர். இதுதானே வாதம்?

சரி. கடவுள் இருந்தால்தான் மதம் என்கிற அளவுகோல் எங்கே செய்தது? அது நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. ஒரே கடவுள், ஒரே வேதப் புத்தகம் என்று பழகிய ஐரோப்பியர் இங்கே வந்து, அவங்க ஊர்ப் படியைக் கொண்டுவந்து நம்ம நெல்லை அளந்தாங்க. நம்ம மரக்கால் வேற!

மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 27ஆவது காதைக்குப் பேரே 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உங்க கொள்கை என்ன, சொல்லுங்க என்று கேட்கிறாள். வைதிகம், சைவம், வைணவம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே ஆசீவகர், நிகண்டவாதியான சமணர், சாங்கியர், வைசேடிகர் இருக்கிறார்கள். கடைசியில் ஒரு பூதவாதி. பூதவாதி என்றால் பேய் ஓட்டுகிறவர் இல்லீங்க! பஞ்சபூதச் சேர்க்கைதான் உலகம், இந்தப் பிறப்பை விட்டால் வேறு எதுவும் இல்லை என்கிற பச்சை உலகாயதவாதி. சாத்தனார் அவரையும் சமயக்கணக்கர் வரிசையில்தான் நிறுத்துகிறார். கடவுள் உண்டு என்கிறவரும் சமயம், கடவுள் பேச்சே எடுக்காதவரும் சமயம். தமிழ் என்றைக்கோ தீர்த்துவைத்த வழக்கு இது. இப்போ நாம அப்பீல் போட்டுக்கிட்டு இருக்கோம்.

அந்தப் பெண் அதற்கப்புறம் என்ன செய்தாள்? காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் அறம் கேட்டாள், புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடைந்தாள், பிறவி அறுவதற்கு நோன்பு இருந்தாள். அதற்கு முன்னாலேயே மணிபல்லவத் தீவில் ஒரு புத்த பீடிகை. வணங்கினால் போன பிறப்பு தெரியும். கையில் அமுதசுரபி. வழிகாட்ட ஒரு கடல் தெய்வம். சரணம் உண்டு, நோன்பு உண்டு, பீடம் உண்டு, மறுபிறப்பு உண்டு, தெய்வம்கூட உண்டு. இதையும் தத்துவம் என்றுதான் சொல்வேன் என்றால், பேராசிரியர் ஐயா, உங்க கல்லூரித் தத்துவத் துறையில் ஒரு அமுதசுரபியை வைங்க. கேன்டீன் செலவாவது மிச்சமாகும்! (சிரிப்பு, கைதட்டல்)

வைத்தியர்னு சொன்னாரே, அதற்கு வருகிறேன். வைத்தியர் காலமானால் என்ன செய்வோம்? துக்கம் கேட்போம், வேறு வைத்தியரைப் பார்ப்போம். புத்தர் குசிநகரத்தில் காலமான பிறகு என்ன நடந்தது என்று பௌத்தர்களின் பழைய நூலான மகாபரிநிர்வாண சூத்திரம் ஒரு கதை சொல்கிறது. உடம்பை எரித்தாயிற்று. எலும்பு யாருக்கு? மகதத்து அஜாதசத்ரு ஆள் அனுப்பினான். வைசாலி லிச்சவிகள் கேட்டார்கள். எங்க ரத்தம் என்று சாக்கியர்கள் வந்தார்கள். எங்க ஊரில்தானே உயிர் விட்டார், ஒரு துண்டுகூடத் தரமாட்டோம் என்று குசிநகரத்து மல்லர்கள் நின்றார்கள். கிட்டத்தட்டப் போர்! அகிம்சை சொன்னவருடைய அஸ்திக்குப் போர்! துரோணர் என்கிற ஒரு பிராமணர் நடுவில் புகுந்து எட்டுப் பங்கு வைத்துக் கொடுத்தார். பங்கு பிரித்தவருக்கு மிஞ்சியது அளந்த பாத்திரம். அவர் அதையும் விடவில்லை, எடுத்துக்கொண்டு போய் அதற்கும் ஒரு ஸ்தூபி கட்டினார்.

கதைதானே என்பீர்கள். இன்றைய உத்தரப்பிரதேசத்தில், நேபாள எல்லையை ஒட்டிப் பிப்ரஹவா என்று ஒரு கிராமம். 1898இல் அங்கே ஒரு ஸ்தூபியைத் தோண்டியபோது எலும்புத் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. இவை சாக்கியரின் புத்தருடைய தாதுக்கள் என்று சொல்லும் எழுத்தோடு ஒரு பேழையும் இருந்தது. எலும்புகளில் ஒரு பங்கு சயாம் அரசருக்குப் போயிற்று. தோண்டிய வெள்ளைக்காரர் குடும்பத்திடம் இருந்த மணிகளை 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்திய அரசு நோட்டீஸ் அனுப்பியது, ஏலம் நின்றது, ஜூலையில் அந்த மணிகள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. 127 வருஷம் கழித்து! ஒரு தத்துவ ஞானியின் மூக்குக்கண்ணாடி ஏலத்துக்கு வந்தால் பணம் இருக்கிறவன் வாங்கிக்கொண்டு போவான். இது விற்கிற பொருளே இல்லை என்று ஒரு அரசாங்கமும் பல நாட்டு மக்களும் எழுந்து நின்றார்கள் என்றால், அங்கே இருப்பது என்ன?

அசோகரையும் ஒரு வரி கேளுங்கள். லும்பினியில் ஒரு தூண் நட்டார். பட்டம் சூட்டி 20 ஆண்டு ஆனபோது அரசர் தாமே வந்து வணங்கினார், புத்தர் பிறந்த இடம் என்பதால் இந்தக் கிராமத்துக்கு வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றாக்கினார். இதுதான் தூணில் இருக்கும் செய்தி. தத்துவம் படித்தவனுக்கு எந்தச் சர்க்கார் வரியைக் குறைத்திருக்கிறது? எதிரணியில ஐயா தத்துவத்துல எம்.ஏ. அவரையே கேட்டுப் பாருங்க!

வரி என்று வந்துவிட்டது, இனி நம்ம சோழ தேசத்துக்கு வந்துவிடலாம். அரசாங்கக் கணக்குப்பிள்ளையை விட நல்ல சாட்சி கிடையாது நடுவர் அவர்களே. புலவர் மிகைப்படுத்துவார், பக்தர் உருகுவார். கணக்குப்பிள்ளை உருக மாட்டார். எந்தப் பத்தியில் எழுத வேண்டுமோ அந்தப் பத்தியில் எழுதுவார்.

ராஜராஜ சோழன் யார்? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன். சிவபாதசேகரன் என்று பட்டம் வைத்துக்கொண்டவன். அவன் காலத்தில் கடல் கடந்து, சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்து அப்பா பேரையே வைத்தான், சூளாமணி விகாரம். அந்த விகாரத்துக்கு ராஜராஜன் தன்னுடைய 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்கிற ஊரை எழுதி வைத்தான். 97 வேலி நிலம். 8,900 கலத்துக்கு மேல் நெல் வரவு. அப்பா வாயால் இட்ட ஆணையை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டி வைத்தான். அந்த ஏடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்துக்குப் போனதால் லைடன் செப்பேடு என்றே பேர் நிலைத்துவிட்டது.

இப்போ கணக்குப்பிள்ளை அதை எந்தப் பத்தியில் எழுதினார்? சோழர் கணக்கில் சிவன் கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம். பிராமணருக்கு விட்டது பிரமதேயம். சமணப் பள்ளிக்கும் பௌத்தப் பள்ளிக்கும் விட்டது பள்ளிச்சந்தம். ஆனைமங்கலம் பள்ளிச்சந்தம் ஆயிற்று. உங்க புத்தர் கடவுளா, ஆத்மா உண்டா இல்லையா என்று கணக்குப்பிள்ளை கேட்கவில்லை. கும்பிடுகிற ஜனம் இருக்கிறது, விளக்கெரிக்கிற இடம் இருக்கிறது, துறவிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு வேண்டும், எழுதிக்கோ பள்ளிச்சந்தம்! சைவ அரசனுக்குத் தெரிந்திருக்கிறது, அது ஒரு சமயம் என்று. இன்றைக்கு நாம நம்ம பிள்ளைகளை அனுப்பும் 'பள்ளி'க்கூடம் இருக்கே, அதில் இருப்பது அந்தப் பள்ளிதான்.

திருஞானசம்பந்தப் பெருமானை இங்கே வணக்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன். அவருடைய பதிகங்களில் பெரும்பாலானவற்றில் சமணரையும் சாக்கியரையும் கண்டிக்க என்றே ஒரு பாட்டு ஒதுக்கியிருக்கும். எதிர்க் கடைக்காரரைத்தானே தினமும் திட்டுவோம்? நம்ம கடைக்கு எதிரே தத்துவ வகுப்பு நடந்தால், பாவம்யா, நடத்திட்டுப் போகட்டும்னு விட்டிருப்போம்! (சிரிப்பு)

அந்த நாகப்பட்டினத்து விகாரம் என்ன ஆயிற்று? மிச்சம் நின்ற ஒரு கோபுரத்தையும் 1867இல் அரசு அனுமதியோடு இடித்தார்கள். அந்த ஊர் மண்ணுக்குள் இருந்து 1856 தொடங்கிச் சுமார் 350 புத்தச் செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் சிலவற்றைப் பார்க்கலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். செப்பு மண்ணுக்குள் போனது. கல் எங்கே போனது? நம்ம ஊர் எல்லையிலும் மரத்தடியிலும் வேறு பேரோடு உட்கார்ந்துகொண்டது.

சேலம் மாவட்டத்தில் பெரியேரி கிராமம். அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சாமி. பொங்கல் வைத்து, பூஜை போட்டு மக்கள் கும்பிட்டு வந்த சாமி. இது முனியப்பன் இல்லை, புத்தர் என்று 2011இல் சிலர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அறநிலையத்துறை, நீண்ட காலமாக முனியப்பனாக வழிபட்டு வருகிறார்கள், அப்படியே இருக்கட்டும் என்றது. நீதிமன்றம் தொல்லியல் துறையைப் போய்ப் பார்க்கச் சொன்னது. அவர்கள் சுத்தம் செய்து பார்த்தார்கள். தாமரைப் பீடத்தில் உட்கார்ந்த கோலம், தியானத்தில் வைத்த கை, புத்தருக்கு உரிய அடையாளங்கள். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இது புத்தர் சிலை, அப்படியே பலகை வையுங்கள், மக்கள் வரலாம், முனியப்பனுக்கான பூஜை கூடாது.

எனக்கு இந்த வழக்கில் இரண்டு பக்கமும் வருத்தம் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக முனியப்பனுக்குப் பொங்கல் வைத்த அம்மாவுக்கு, உன் சாமி உன் சாமி இல்லை என்று சொல்வது லேசான வார்த்தையா? அதே நேரத்தில், எங்க புத்தரை எங்களுக்குத் தாருங்கள் என்று 11 வருஷம் நீதிமன்றப் படி ஏறினவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு தத்துவத்தைப் பறிகொடுத்தவன் படி ஏறுவானா? வழிபாட்டைப் பறிகொடுத்தவன்தான் ஏறுவான்.

அப்படியானால் பௌத்தம் மதமில்லை என்கிற இந்தப் பேச்சை யார்தான் கிளப்பி விட்டது? அதிலேதான் நடுவர் அவர்களே, நம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது.

இலங்கையில் கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை. 1873 ஆகஸ்ட் 26, 28, இரண்டு நாள். மேடை போட்டு ஒரு பட்டிமன்றம்! ஒரு பக்கம் டேவிட் டி சில்வா என்கிற கிறிஸ்துவப் பாதிரியார் அணி. எதிர்ப் பக்கம் மிகெட்டுவத்தே குணானந்தர் என்கிற பௌத்தத் துறவி. நம்ம மாதிரி நடுவர் தீர்ப்புச் சொல்கிற கட்டுப்பாடெல்லாம் இல்லை. கூட்டம் ஆயிரக்கணக்கில். குணானந்தர் பேச்சில் கூட்டம் ஆடிப்போனது. அந்த விவாதம் ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்கா வரைக்கும் போனது. அதைப் படித்தவர்களில் ஒருவர் கர்னல் ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ராணுவத்தில் வேலை பார்த்தவர். 1880 மே மாதம் காலியில் வந்து இறங்கிப் பஞ்சசீலம் ஏற்றார். அப்புறம் நம்ம சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் தலைமையிடத்தை அமைத்தார்.

இந்த ஆல்காட்தான் பௌத்தப் பிள்ளைகளுக்காக 1881இல் ஒரு வினா விடைப் புத்தகம் போட்டார். அதில் அவரே ஒரு குறிப்பு எழுதினார்: மதம் என்கிற சொல் பௌத்தத்துக்குப் பொருந்தாது, இது ஒழுக்கத் தத்துவம் என்று. பேராசிரியர் ஐயா, இவ்வளவு நேரம் நீங்க பேசினது அடையாறில் குடியிருந்த ஒரு அமெரிக்கருடைய வாக்கியம்! அவர் சூழ்நிலை அப்படி. ஐரோப்பாவில் விஞ்ஞானம் படித்தவன் தேவாலயத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அவனுக்குப் பௌத்தத்தைக் காட்ட வேண்டுமானால், மதம் என்கிற பேரை எடுத்துவிட்டுக் காட்டுவதுதான் சுலபம்.

ஆனால் அதே கை என்ன செய்தது தெரியுமா? பௌத்தக் கொடிக்கு வடிவம் திருத்தியது. பௌத்தப் பள்ளிக்கூடங்கள் திறந்தது. வெள்ளைக்கார அரசாங்கத்திடம் மன்றாடி 1885இல் இருந்து வைசாகப் பௌர்ணமிக்கு இலங்கையில் அரசு விடுமுறை வாங்கியது. தத்துவத்துக்கு லீவு உண்டா நடுவர் அவர்களே? இருந்தா நம்ம பிள்ளைங்க எல்லாம் இன்னேரம் தத்துவ ஞானி ஆகியிருக்கும்! (கைதட்டல்)

அதே இலங்கையில் 1972இல் வந்த அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மையான இடம் என்று எழுதி வைத்தது. 1978 சட்டமும் அதையே சொன்னது. அந்த ஒரு வரி அங்கே இருந்த தமிழர்களுக்கு எப்படி வலித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதம் இல்லை, வெறும் தத்துவம்தான் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் யாரைக் கேள்வி கேட்பது? மதம் என்று ஒப்புக்கொண்டால்தான் மதத்தைக் கேட்கிற கேள்வியை அதனிடமும் கேட்கலாம். நல்லதுக்கு மட்டும் சொந்தம் கொண்டாடிவிட்டு, கெட்டதுக்குப் பேர் மாற்றக் கூடாது.

நம்ம சென்னைக்கு வாருங்கள். ஆல்காட்டிடம் 1898இல் ஒரு தமிழர் போனார். பண்டிதர் அயோத்திதாசர். சித்த வைத்தியர், தமிழ்ப் புலவர். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஊர் ஒதுக்கிய எங்க மக்கள் பழைய பௌத்தர்கள், அதனால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் கட்சி. ஆல்காட் உதவியோடு இலங்கைக்குப் போய்ச் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்று வந்து, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை. பேருக்கேற்ற விலை, ஒரு பைசா. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கி உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் மாரிகுப்பத்தில் கிளைச் சங்கம் வைத்து அதைப் படித்தார்கள்.

அவர் தீபாவளிக்கு ஒரு விளக்கம் எழுதினார். எள்ளில் இருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த பௌத்தர்கள் அதைத் தேய்த்துக் குளித்த நாள்தான் தீபாவளி என்று. வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம், நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஏன் எழுதினார் என்று பாருங்கள். தத்துவம் மட்டும் வேண்டுமென்றால் அவர் நாலு நூலை மொழிபெயர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் மக்களுக்கு நாள் கிழமை வேண்டியிருந்தது. ஐப்பசி மாதம் விடியற்காலையில் பிள்ளை தலையில் எண்ணெய் வைக்கும்போது, இது யாருக்காக அம்மா என்று கேட்டால் சொல்ல அந்தத் தாய்க்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

நடுவர் மணிமேல கை வைக்கிறார். ஐயா, முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எதிரணியிடம் ஒரு பெரிய ஆயுதம் இருக்கிறது. அடுத்து பேசப்போகிற சகோதரி அதை எடுப்பார்கள் என்று தெரியும், நானே எடுத்து வைத்துவிடுகிறேன். அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'புத்தரும் அவர் தம்மமும்', அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த நூல். அதில் அவர் மதம் வேறு, தம்மம் வேறு என்றே பிரிக்கிறார். மதம் தனி மனிதனோடு நின்றுவிடும், தம்மம் மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருப்பது என்பது அவர் கருத்து. உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் அதே அம்பேத்கர் 1950இல் மகாபோதி இதழில் ஒரு கட்டுரை எழுதினாரே, அதன் தலைப்பு என்ன? 'புத்தரும் அவருடைய மதத்தின் எதிர்காலமும்'. அதில் புத்தரை யாரோடு வைத்து ஒப்பிட்டார்? சாக்ரடீஸ், பிளேட்டோவோடா? இல்லை. இயேசு, முகமது நபி, கிருஷ்ணர்! எந்த வரிசையில் நிறுத்துகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1935 அக்டோபரில் இயோலா என்ற ஊரில், இந்துவாகப் பிறந்துவிட்டேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அப்புறம் 21 வருஷம் யோசித்தார். இருபத்தோரு வருஷம்! உலகத்துத் தத்துவமெல்லாம் படித்தவர். பகுத்தறிவு போதும் என்று நினைத்திருந்தால் மதமே வேண்டாம் என்று ஒரே நாளில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1956 அக்டோபர் 14, நாக்பூர். பர்மாவில் இருந்து வந்து குசிநகரத்தில் வாழ்ந்த சந்திரமணி என்கிற முதிய பிக்குவிடம் மூன்று சரணமும் ஐந்து சீலமும் ஏற்றார். பிறகு லட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே 22 உறுதிமொழிகளைச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் பேசும்போது, ஏழைக்கு மதம் தேவை, வாழ்க்கையின் ஊற்று நம்பிக்கை என்கிற பொருளில் சொன்னார். மராத்தியில் பௌத்த பூஜைக்கு ஒரு கையேடு தொகுத்தார். நாக்பூர் நடந்த 53ஆம் நாள், டிசம்பர் 6, கண்ணை மூடினார். தத்துவம் கற்பிக்கிறவர் பூஜை முறை எழுதுவாரா? தன் ஜனம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பழைய வாசலுக்கே போய் நிற்கக் கூடாது என்று நினைத்தவர்தான் எழுதுவார்.

சரி, மதம் மாறினார்கள். சட்டம் என்ன சொன்னது? 1950இல் குடியரசுத் தலைவர் போட்ட ஷெட்யூல்டு வகுப்பினர் ஆணை, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைச் சேர்ந்தவர் ஷெட்யூல்டு வகுப்பாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்துக்கொண்டார்கள். பௌத்தரைச் சேர்க்கவில்லை. ஆக நாக்பூரில் கை கூப்பிய அன்றைக்கே, அந்தத் தகப்பன் தன் பிள்ளைக்கு இருந்த மத்திய அரசு இடஒதுக்கீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான்.

ஆனால் இங்கேதான் வேடிக்கை. இந்து திருமணச் சட்டம் 1955, பௌத்தருக்கும் பொருந்தும். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு விளக்கத்தில், கோயில் திறந்துவிடுகிற இடத்தில், இந்து என்றால் பௌத்தரும் அடக்கம். அப்போ, கல்யாணம் பண்ணும்போது நீ இந்து, சொத்துப் பிரிக்கும்போது நீ இந்து, கல்லூரியில இடம் கேட்டு வந்தியா, தம்பி, நீ வேற மதம்ப்பா! (நீண்ட கைதட்டல்)

1962 தேர்தலில் நாக்பூர் மாவட்டத்துத் தனித்தொகுதி ஒன்றில் ஜெயித்தவர் மேல் வழக்கு, இவர் பௌத்தர் ஆகிவிட்டார், தனித்தொகுதியில் நிற்க முடியாது என்று. உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் அந்த வெற்றி செல்லாமல் போனது. ஒருவர் தன் மதத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டாலே போதும், மாறிய சடங்கு சரியா, தவறா என்று துருவ வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். நாட்டின் உச்சநீதிமன்றமே அது வேற மதம் என்று சொல்லி ஒரு பதவியைப் பறித்தது. தத்துவத்தை ஏற்றுக்கொண்டதற்காக எந்த எம்.எல்.ஏ. பதவி இழந்திருக்கிறார்?

மகாராஷ்டிர அரசு தன் அளவில் சலுகை கொடுத்தது. மத்தியில் 1990 வரைக்கும் இல்லை. வி.பி. சிங் அரசு காலத்தில் ஆணையைத் திருத்தி, இந்து, சீக்கியர் என்பதோடு பௌத்தர் என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு சொல். அதற்குள் நாக்பூரில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிள்ளைக்கு நாற்பது வயசு நெருங்கியாச்சு. அரசு வேலைக்கு மனுப் போடுகிற வயசு எப்போதோ தாண்டியாச்சு.

இதில் என் மனசைத் தொட்ட இடம் ஒன்று இருக்கிறது நடுவர் அவர்களே. அந்த 34 வருஷமும் அவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. எதிரணி இன்றைக்குச் சொன்ன வழிதான். ஐயா, பௌத்தம் மதம் இல்லீங்க, வெறும் தத்துவம், நான் படிவத்துல இந்துன்னே போட்டுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் இடம் கிடைத்திருக்கும். சிலர் வயிற்றுக்காக அப்படிப் போட்டிருக்கலாம், அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? ஆனால் மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். 1951இல் இந்தியாவில் பௌத்தர் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். 1961இல் சுமார் 32 லட்சத்து 50 ஆயிரம்! 2011இல் 84 லட்சம், அதில் முக்கால் பங்குக்கு மேல் மகாராஷ்டிரத்தில். 1961இல் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டது உங்க தத்துவம் என்ன என்று இல்லை, உங்க மதம் என்ன என்றுதான். நஷ்டம் வரும் என்று தெரிந்தே, குடிசைக்குள் இருந்து லட்சக்கணக்கான குரல் பௌத்தம் என்று பதில் சொல்லியிருக்கிறது. கணக்கெடுத்தவரும் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார், அந்தச் சோழ நாட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரி.

மணி அடிச்சாச்சு.